முன்னோட்டத் தேர்வில் 18 புள்ளி: ஆறு உயர்நிலைப் பள்ளிகளை எந்த வரிசையில் எழுதுவது?

ஈசூன் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் மாதத்தில் முடிந்துவிட்டது. கேட்டல் கருத்தறிதலுக்குச் சில நாள்களே உள்ளன. எழுத்துத் தேர்வு இம்மாதக் கடைசியில் தொடங்குகிறது. பள்ளியின் முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்கள் சென்ற வெள்ளிக்கிழமை கைக்கு வந்தன: ஆங்கிலம் 78, கணிதம் 66, அறிவியல் 63, தமிழ் 83. அடைவுநிலைக் கணக்கில் (ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு புள்ளி, மொத்தம் குறைந்தால் நல்லது) 4, 5, 6, 3 என்று கூட்டினால் 18 புள்ளி வருகிறது. உயர்தமிழும் எடுத்திருக்கிறாள், அதில் டிஸ்டிங்ஷனுக்கு அடுத்த நிலையான மெரிட் கிடைத்தது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அறிவியல் தாளை நான்காக மடித்துப் புத்தகப்பையின் அடியில் வைத்திருந்தாள். நான் எடுத்துப் பார்த்தபோது எதுவும் பேசாமல் நின்றுவிட்டு, "அப்பா சொன்ன பள்ளிக்கு நான் போக முடியாதாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே எழுதுவதற்கு அதுவே காரணம்.

அவள் படிக்கும் தொடக்கப்பள்ளிக்கு இணைப்பு உயர்நிலைப் பள்ளி (அத்தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் பள்ளி) ஒன்று இருக்கிறது. பெண்கள் பள்ளி, நல்ல பெயர் பெற்றது. என் கணவருக்கு அவள் அங்கே சேரவேண்டும் என்பது முதல் வகுப்பிலிருந்தே உள்ள விருப்பம். ஆனால் நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈசூனுக்கு வீடு மாறிவிட்டோம். இங்கிருந்து பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் பிடித்துப் போனால் வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே இந்திய நடனம் இணைப்பாட நடவடிக்கையாக உள்ளது, அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்தியும் அங்கே சேரப்போகிறாள். மகளுக்கு அதுவே பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் முன் அவள் அதைச் சொல்வதில்லை.

கணவர் இப்போது அறிவியலுக்கும் கணிதத்துக்கும் கூடுதல் டியூஷன் வைக்கலாம் என்கிறார். ஏற்கெனவே வாரத்தில் மூன்று நாள் வகுப்புகளுக்குப் போகிறாள். மீதமுள்ள சில வாரங்களில் எதில் கவனம் வைப்பது, இன்னொரு டியூஷன் பயன் தருமா, இந்த 18 என்பதை வைத்துப் பள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, விண்ணப்பத்தில் எழுதும் ஆறு பள்ளிகளில் எதை முதலில் எழுதுவது, உயர்நிலையில் உயர்தமிழைத் தொடர வாய்ப்பு உண்டா என்பவையே என் கேள்விகள். நான் தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவள். இங்குள்ள முறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன், ஆகவே எளிய விஷயமாக இருந்தாலும் தயங்காமல் விளக்குங்கள்.

பொங்கோல் தந்தை எழுதியது:

வணக்கம் சகோதரி. சென்ற ஆண்டு இதே வாரத்தில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். முதலில் மதிப்பெண்களைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மகளின் நான்கு எண்களிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

2021இல், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி தந்த பழைய டி-ஸ்கோர் முறை போய் அடைவுநிலை முறை வந்தபின், ஒவ்வொரு பாடமும் எட்டுப் படிகளில் ஒன்றில் நிற்கிறது. 90உம் அதற்கு மேலும் முதல் நிலை, 85 முதல் 89 வரை இரண்டு, 80 முதல் 84 வரை மூன்று, 75 முதல் 79 வரை நான்கு, 65 முதல் 74 வரை ஐந்து, 45 முதல் 64 வரை ஆறு. அதற்குக் கீழே இன்னும் இரண்டு நிலைகள். மேலே உள்ள படிகள் குறுகலானவை, கீழே வர வர அகலமானவை. ஆறாம் நிலை இருபது மதிப்பெண் அகலம் கொண்டது. உங்கள் மகளின் அறிவியல் 63 அந்த அகலமான படியின் மேல் விளிம்பில் நிற்கிறது. இன்னும் இரண்டு மதிப்பெண் கிடைத்தால் அது ஐந்தாம் நிலை. ஆங்கிலம் 78, மூன்றாம் நிலைக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. தமிழ் 83, இரண்டாம் நிலைக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. கணிதம் 66 மட்டும் தன் படியின் கீழ் விளிம்பில் இருக்கிறது. மேலே ஏற ஒன்பது மதிப்பெண் வேண்டும், கீழே விழ இரண்டே மதிப்பெண் போதும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் கணிதத்தில் கடினமான கடைசிக் கணக்குகளுக்காகப் புதிய டியூஷன் சேர்க்கமாட்டேன். கணிப்பான் இல்லாமல் எழுதும் முதல் தாளில் கவனக்குறைவால் போகும் மதிப்பெண்களைக் காப்பாற்றச் செய்வேன். அதற்கு அவளுடைய முன்னோட்டத் தேர்வுத் தாளே போதும். எங்கே கழித்தலில் பிழை, எங்கே அலகு எழுத மறந்தாள், எங்கே படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினாள் என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தாளில் விடை தவறானாலும் சரியான வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதைப் பல பிள்ளைகள் தேர்வு அறையில் மறந்துவிடுகிறார்கள். அறிவியலில் என் மகன் இழந்ததெல்லாம் விளக்கி எழுதும் கேள்விகளில்தான். அவனுக்குக் கருத்து தெரியும், ஆனால் "வெப்பம் அதிகமாக இருந்தது" என்று நிறுத்திவிடுவான். எதிலிருந்து எதற்கு வெப்பம் போனது, அதனால் என்ன மாறியது, கேள்வியில் கேட்ட பொருளுக்கு அதனால் என்ன ஆனது என்று மூன்றையும் தொடர்ந்து எழுதவேண்டும் என்று அவன் ஆசிரியர் சொன்னபின், தினம் இரவு இரண்டே கேள்விகளை வாயால் சொல்லிப் பழகினோம். எழுதக்கூட இல்லை. இரவு உணவுக்குப் பிறகு கால் மணி நேரம், அவ்வளவுதான்.

இனி பள்ளிகள். ஆறு இடங்களையும் நிரப்புங்கள், வரிசையில் மிகுந்த கவனம் வையுங்கள். ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு ஒரே புள்ளி பெற்ற பலர் போட்டியிட்டால், முதலில் குடியுரிமையைப் பார்க்கிறார்கள், அடுத்து அந்தப் பள்ளியை யார் எத்தனையாவது விருப்பமாக எழுதினார்கள் என்று பார்க்கிறார்கள், அதிலும் சமமானால்தான் கணினிக் குலுக்கல். டி-ஸ்கோர் காலத்தில் புள்ளிகள் இன்னும் நுணுக்கமாக வேறுபட்டதால் இந்த நிலை அரிது. இப்போது 18 புள்ளியில் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவரின் புள்ளி 18 என்றால், அதை மூன்றாவதாக எழுதிய உங்கள் மகளுக்கு முன் அதை முதலாவதாக எழுதிய இன்னொரு 18 புள்ளிப் பிள்ளைக்கு இடம் போகும். கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களின் புள்ளி வரம்பு இருக்கிறது. அது ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், ஆகையால் மகளின் புள்ளியைவிடத் தளர்வான வரம்புள்ள பள்ளிகள் இரண்டு மூன்றாவது பட்டியலில் இருக்கட்டும். ஆறிலும் இடம் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு அருகில் காலியிடம் உள்ள ஏதோவொரு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள், அது நீங்கள் பார்த்தே இராத பள்ளியாக இருக்கலாம்.

இணைப்புப் பள்ளி பற்றி ஒன்றை உங்கள் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இணைப்பின் முன்னுரிமை வேண்டுமானால் அப்பள்ளியை முதல் விருப்பமாகவே எழுதவேண்டும். இரண்டாவதாக எழுதினால் மற்ற எல்லோரையும் போலத்தான் போட்டியிட வேண்டும். இணைப்புப் பிள்ளைகளுக்கான வரம்பு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். ஆகவே, "முதலில் எழுதிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளி" என்று நினைக்க இங்கே இடமில்லை. முதலில் எழுதினால் அநேகமாகக் கிடைத்துவிடும், நான்கு ஆண்டுகள் அந்தப் பயணம் உறுதியாகிவிடும். பிறகு மேல்முறையீடு செய்து மாற்றிக்கொள்வதற்கும், விரும்பும் பள்ளியில் காலியிடம் இருக்கவேண்டும், மகளின் புள்ளி அப்பள்ளியின் வரம்புக்குள்ளும் இருக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தொடக்கப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பொங்கோல் தந்தை சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அந்தக் கணக்கை உங்களோடும் உங்கள் கணவரோடும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையிடம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "இரண்டு மதிப்பெண்தான், இரண்டே மதிப்பெண்தான்" என்று வீட்டில் பேசப்பட்ட பிள்ளைகளைத் தேர்வுக் காலத்தில் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது அவர்கள் அடுத்த கேள்விக்குப் போவதில்லை, அந்த இரண்டு மதிப்பெண் போய்விட்டதே என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே பிள்ளை ஒரே பாடத்தில் இரு வேறு தாள்களை எழுதினால் ஐந்தாறு மதிப்பெண் வேறுபடுவது இயல்பு. முன்னோட்டத் தேர்வுத் தாள்களும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆகவே உங்கள் மகள் 18 புள்ளி பெற்ற பிள்ளை என்று எண்ணாமல், 15இலிருந்து 20 வரை எங்கும் வரக்கூடிய பிள்ளை என்று வைத்துக்கொண்டு பள்ளிகளைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் புள்ளிப்படி மூன்று சேர்க்கைப் பிரிவுகள் உண்டு, அந்த வரம்பு முழுவதும் மூன்றாம் சேர்க்கைப் பிரிவுக்குள்தான் வருகிறது. 4 முதல் 20 வரை பெற்றவர்கள் அப்பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள், ஆகவே எல்லாப் பாடங்களையும் ஜி3 நிலையில் (ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று பாட நிலைகளில் மிகக் கடினமானதில்) படிக்கும் வழி அவளுக்குத் திறந்திருக்கும். முடிவுத் தாளில் அடைவுநிலை மட்டுமே அச்சாகும், மதிப்பெண் இராது. அறிவியலில் 65 வாங்கினாளா 74 வாங்கினாளா என்று பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

தமிழைப் பற்றி. உங்கள் மகளுக்கு வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது. அதுவும் கேட்டல் கருத்தறிதலும் சேர்ந்தால் தமிழின் மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். வாய்மொழியை நன்றாகச் செய்திருந்தால் பாரத்தில் ஒரு பகுதி குறைந்துவிட்டது. கேட்டல் கருத்தறிதலுக்காகத் தனிப் பயிற்சி நூல் தேட வேண்டியதில்லை. ஒலி 96.8 வானொலிச் செய்தியையோ வசந்தம் தொலைக்காட்சிச் செய்தியையோ ஒருமுறை கேட்டுவிட்டு, யார், எங்கே, எப்போது, ஏன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னால் போதும். எழுத்துத் தாளில் 83 வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒலிவேறுபாட்டிலும் சுயவிடைக் கருத்தறிதலிலும் (பத்தியைப் படித்துச் சொந்தமாக விடை எழுதும் பகுதியிலும்) மதிப்பெண் இழக்கிறார்கள். ஒலிவேறுபாட்டுக்கு, அவள் தவறவிட்ட சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அரிசியை "அறிசி" என்றும், பறவையை "பரவை" என்றும் எழுதும் பிள்ளை நூறு சொல் படித்தாலும் அதே பத்துச் சொல்லில்தான் தவறும். சுயவிடையில், பத்தியிலுள்ள வாக்கியத்தை அப்படியே தூக்கி எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. கேள்வி "ஏன்" என்று கேட்டால் விடையில் காரணம் தெரியவேண்டும்.

உயர்தமிழ் பற்றிக் கேட்டீர்கள். பிஎஸ்எல்இயில் தமிழில் முதல் இரு நிலைகளில் ஒன்றையோ உயர்தமிழில் டிஸ்டிங்ஷன் அல்லது மெரிட்டையோ பெற்றவர்கள் உயர்நிலையில் உயர்தமிழ் எடுக்கத் தகுதி பெறுகிறார்கள். முன்பு மொத்தப் புள்ளியும் 14க்குள் இருக்கவேண்டியிருந்தது, 2026இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்த வரம்பு இல்லை. உங்கள் மகள் பிஎஸ்எல்இயிலும் உயர்தமிழில் மெரிட் பெற்றால் இந்த வரையறைக்குள் வருவாள். அது கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. மொழியில் நல்ல திறன் உண்டு என்று பள்ளி கருதினால், வரையறைக்கு வெளியே இருக்கும் மாணவருக்கும் உயர் தாய்மொழி எடுக்க அனுமதிக்கலாம். ஆகையால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது தமிழாசிரியரைத் தேடிக் கண்டு பேசுங்கள். மகள் எழுதிய நல்ல கட்டுரை இரண்டைக் கையோடு கொண்டு போனாலும் தவறில்லை.

அங்கே முக்கியமாகக் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர் பலர் இதைக் கேட்க மறந்து, ஜனவரியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். தமிழ் எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் அப்பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே கற்பிக்கப்படுவதில்லை. தமிழ் மாணவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளின் பிள்ளைகள், பள்ளி முடிந்தபின் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளிக்கோ போய்ப் படிக்கவேண்டியிருக்கும். நிலையத்தில் கற்பித்தல் சிறப்பாக இருக்கும். தமிழில் ஆர்வமுள்ள பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுசேரும் இடம் அது. என் மாணவர்கள் சிலர் தங்கள் நெருங்கிய நண்பர்களை அங்கேதான் கண்டுகொண்டார்கள். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்து பள்ளிக்குப் போன பிள்ளை, பிற்பகலில் அங்கே போய்விட்டு, மாலையில் ஈசூனுக்குத் திரும்புவதைக் கணக்கில் வைக்கவேண்டும். இணைப்புப் பள்ளியில் தமிழ் எங்கே, வாரத்தில் எந்தெந்த நாளில் நடக்கிறது என்று இப்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கூடுதல் டியூஷன் வேண்டாம் என்பதில் நான் பொங்கோல் தந்தையோடு உடன்படுகிறேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் புதிய ஆசிரியர் ஒருவர் பிள்ளையை அறிந்துகொள்வதற்குள் தேர்வு முடிந்துவிடும். இருக்கும் மூன்றில் ஒன்றை நிறுத்தி அந்த மாலையில் அவளைத் தூங்கவிட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. இங்கே படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒன்று: தொடக்கநிலை ஐந்தில் பிள்ளை உள்ளவர்கள், கட்டணம் குறைந்த துணைப்பாட வகுப்பு வேண்டுமானால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் எல்லோருடைய பிள்ளையும் 18 புள்ளி வாங்கும் பிள்ளையாக இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

என் மகன் 2024இல் தேர்வெழுதி 23 புள்ளி பெற்றான். கணிதத்தில் ஐந்தாம் நிலை, மற்ற மூன்றிலும் ஆறாம் நிலை. முடிவு வந்த அன்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகப் பிள்ளைகளின் புள்ளியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போடவில்லை. மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "என் புள்ளியைப் போட வெட்கமாப்பா?" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டான். அவனைக் காயப்படுத்தியது தேர்வு முடிவைவிட என் மௌனம்தான். இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன். முடிவு வரும் நாளில் யார் கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே மகளோடு பேசி, அவள் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவன் இரண்டாம் சேர்க்கைப் பிரிவில் சேர்ந்தான். பெரும்பாலான பாடங்கள் ஜி2 நிலை. ஆனால் கணிதத்தில் ஐந்தாம் நிலை பெற்றிருந்ததால் உயர்நிலை ஒன்றின் தொடக்கத்திலிருந்தே ஜி3 கணிதம் எடுக்க அனுமதி கிடைத்தது. நான் படித்த காலத்தில் ஒரு தேர்வு முடிவு நான்கு ஆண்டுக்கான வகுப்பை முடிவு செய்துவிடும். விரைவுநிலை, வழக்கநிலை என்று வகுப்பறைகளே தனித்தனி. 2024 முதல் அந்தப் பிரிவுகள் இல்லை. வெவ்வேறு சேர்க்கைப் பிரிவுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து கலை, இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் போன்றவற்றைச் சேர்ந்தே படிக்கிறார்கள், மற்றப் பாடங்களுக்கு மட்டும் அவரவர் நிலைக்குப் பிரிந்து போகிறார்கள். அவனுடைய வகுப்பு நண்பர்களில் யார் எந்தப் பிரிவில் வந்தவர் என்று கேட்டால் அவனுக்கே முழுதாகத் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகள் இரண்டுக்கும் பதிலாக ஒரே சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அவன் 2028இல் அதை எழுதுவான்.

பள்ளியைத் தேர்ந்தெடுத்ததில் நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம், மூன்று பள்ளிகளுக்கு அவனை அழைத்துக்கொண்டு நேரில் போனதுதான். ஒரு பள்ளியில் தொடக்கம் முதல் இறுதிவரை முதல்வரின் உரை. இன்னொன்றில் இயந்திரக்கை செய்துகொண்டிருந்த உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன், என் மகன் கையில் திருப்புளியைக் கொடுத்து, "இதை முடுக்கு" என்றான். வீடு திரும்பும்போது மகன் அந்தப் பள்ளியின் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான். அதை முதலாவதாக எழுதினோம், கிடைத்தது.

முதல் அணி மாணவி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் 2021இல், அதாவது அடைவுநிலை முறையின் முதல் ஆண்டில், பிஎஸ்எல்இ எழுதியவள். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். நான் செங்காங்கிலிருந்து தீவின் மறுபக்கத்தில் உள்ள பள்ளிக்கு நான்கு ஆண்டுகள் சென்றேன். அதுவும் என் பெற்றோர் விரும்பிய பள்ளிதான். நல்ல பள்ளி, நல்ல ஆசிரியர்கள், எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பயணம் எப்படி இருந்தது என்பதை உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன்.

பள்ளி காலை 7.30 மணிக்குத் தொடங்கும், நான் 5.15க்கு எழுவேன். முதல் ஆண்டில் அது கடினமாகத் தெரியவில்லை, புதிய சீருடை, புதிய தோழிகள் என்று உற்சாகமாக இருந்தது. உயர்நிலை மூன்றில் இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீட்டுக்கு வர இரவு 8 மணியாகும் நாள்கள் வாரத்தில் இரண்டு இருந்தன. அந்த நாள்களில் வீட்டுப்பாடத்தை ரயிலில் நின்றுகொண்டே செய்வேன். சனிக்கிழமைகளில் தோழிகள் அவர்களின் வட்டாரத்தில் சந்திப்பார்கள், நான் பெரும்பாலும் போகமாட்டேன். அந்தப் பள்ளியில் சேர்ந்ததற்கு நான் வருந்தவில்லை, ஏனென்றால் அங்கே போகவேண்டும் என்று நானும் விரும்பினேன். விரும்பாமல் போயிருந்தால் உயர்நிலை மூன்றைத் தாண்டியிருப்பேனா என்று தெரியவில்லை. முடிவெடுக்கும் முன் ஒரு வார நாளில் அவளோடு காலை 6 மணிக்கு அந்தப் பயணத்தை ஒருமுறை செய்து பாருங்கள். பள்ளி விடுமுறை நாளில் போனால் ரயிலின் நெரிசல் தெரியாது.

ஈசூன் தாய் எழுதியது:

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் கணவரும் படித்தார். பொங்கோல் தந்தை எழுதிய இணைப்புப் பள்ளிப் பகுதியை இரண்டு முறை படித்தார். முதல் இடத்தில் எழுதாவிட்டால் முன்னுரிமை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் முதலில் எழுதினால் மற்ற ஐந்தும் அநேகமாகத் தேவைப்படாது என்பதை அவர் அதுவரை அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்னபடி இரண்டு பள்ளிகளுக்கும் தொலைபேசியில் பேசினேன். இணைப்புப் பள்ளியில் தமிழ் வகுப்பு வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் வேறு இடத்தில் நடக்கிறது. பக்கத்துப் பள்ளியில் தமிழ் அங்கேயே நடக்கிறது. உயர்தமிழுக்குச் சென்ற ஆண்டும் வரையறைக்கு வெளியே இருந்த இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்களாம், ஆனால் உறுதி எதுவும் தரமுடியாது என்றும் சொன்னார்கள். புதன்கிழமை கணவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை 6 மணிக்கு அவர் மட்டும் அந்தப் பயணத்தைச் செய்தார். மகளைத் தேர்வு முடியும்வரை இழுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். திரும்பி வந்து எதுவும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. அன்று மாலை மகளிடம், "உனக்கு எது வேண்டும் என்று தேர்வு முடிந்ததும் எனக்குச் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு மாதமாக அவள் அதை எடுக்கவே இல்லை.

புதிய டியூஷன் இல்லை. வியாழக்கிழமை வகுப்பையும் நிறுத்திவிட்டோம். இரவில் இரண்டு அறிவியல் கேள்விகளை வாயால் சொல்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் பதினொரு சொற்கள் தொங்குகின்றன. இன்னும் ஒரு கேள்வி மட்டும் உண்டு. நவம்பர் கடைசியில் முடிவு வந்தபின் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் தருவார்கள்? அந்த நாள்களில் பள்ளிகளைப் பார்க்க முடியுமா?

பொங்கோல் தந்தை எழுதியது:

ஏறக்குறைய ஒரு வாரம் தருவார்கள். சரியான தேதியும் நேரமும் முடிவுத் தாளோடு வரும் கடிதத்தில் இருக்கும். அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்தில் பதியலாம். பல பள்ளிகள் முடிவு வந்த அடுத்த ஓரிரு நாள்களிலேயே பொது வரவேற்பு நாளை வைத்துக்கொள்கின்றன. அந்தத் தேதிகளை அக்டோபர் கடைசியிலிருந்து பள்ளிகளின் இணையப் பக்கத்தில் பார்த்து நாள்காட்டியில் குறித்துவையுங்கள், ஏனென்றால் இரண்டு பள்ளிகளின் நேரம் ஒன்றோடொன்று மோதும். ஆறு பள்ளிகளின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் 15, 18, 20 என மூன்று நிலைக்கும் தனித்தனியாக இப்போதே ஒரு தாளில் எழுதிவைத்தால், முடிவு வரும் நாளில் பதற்றத்தோடு தேடவேண்டியிராது. நாங்கள் அப்படிச் செய்தோம். பதிந்தபின் உறுதிப்படுத்தும் தகவல் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். எந்தப் பள்ளி கிடைத்தது என்பது டிசம்பர் இரண்டாம் பாதியில் தெரியும். சீருடை அளவெடுக்கவும் புத்தகம் வாங்கவும் அடுத்த சில நாள்களுக்குள் அழைப்பார்கள், ஆகவே அந்த வாரத்தில் ஊருக்குப் போகும் பயணச்சீட்டு எடுக்காமல் இருப்பது நல்லது.